வால்வைத் தூக்கினால் சூடு போய்விடுமா?

“தெர்மோஸ்டாட்டெல்லாம் பனி பெய்யுற ஊருக்கு சார். நம்ம வெயிலுக்கு அது எதுக்கு? தூக்கிட்டேன். இனிமே ஹீட் ஆகாது.”

பழைய கார் வாங்கி, அது ஹீட்டாகி, பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்ற எவருக்கும் இந்த வசனம் புதிதில்லை. அரைகுறையாகத் தொழில் கற்றவர்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை. முப்பது வருடம் என்ஜின் இறக்கி ஏற்றியவர்களும் சொல்கிறார்கள். அவர்களிடம் வண்டி விடுகிறவர்களும் நம்புகிறார்கள். நம்பத் தோதாகவும் இருக்கிறது. என்ஜின் சூடாகிறது, தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மறிக்கிற வால்வு ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது, அதை எடுத்துவிட்டால் தண்ணீர் தாராளமாக ஓடும், சூடு இறங்கும். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு.

கணக்கு தப்பு. கம்பெனிப் புத்தகத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கம்பெனிகள் நம் பையைக் காலி செய்யப் பார்க்கின்றன என்ற சந்தேகம் நம் மெக்கானிக்குகளுக்கு உண்டு. பல விஷயங்களில் அது நியாயமான சந்தேகமும்கூட. ஆனால் இந்த வழக்கைத் தீர்க்கக் கம்பெனியை நம்ப வேண்டியதில்லை. ஒரு தெர்மாமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

தெர்மோஸ்டாட் என்பது உள்ளங்கையில் அடங்கிவிடும் சாமான். நடுவில் ஒரு உலோகக் குப்பி, அதற்குள் மெழுகு. தண்ணீர் குறிப்பிட்ட சூட்டைத் தொட்டதும் மெழுகு உருகிப் பருக்கும்; பருத்து ஒரு தண்டைத் தள்ளும்; வால்வு திறக்கும். சூடு தணிந்தால் ஸ்பிரிங் அதை மூடிவிடும். செர்ஜியஸ் வெர்னே என்பவர் 1930களில் கண்டுபிடித்த ஏற்பாடு இது. மின்சாரம் இல்லை, ஒயர் இல்லை. எந்தச் சூட்டில் திறக்க வேண்டும் என்பது அதன் உடம்பிலேயே எண்ணாக அடித்திருக்கும்: 82, 88 என்பதுபோல. திறக்க ஆரம்பித்ததிலிருந்து பத்துப் பதினைந்து டிகிரி ஏறுவதற்குள் முழுக்கத் திறந்துவிடும்.

இப்போது ‘நம்ம ஊர் வெயிலை’ எடுத்துக்கொள்வோம். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி அடித்தது. அந்த நாளிலும், இரவு முழுக்க நின்ற வண்டியின் என்ஜினுக்கும் 82 டிகிரிக்கும் நடுவே எட்டாத தூரம் இருந்தது. 82 டிகிரி வெயில் அடிக்கிற ஊர் பூமியில் எங்கும் கிடையாது. ஊட்டியானாலும் வேலூரானாலும் அந்த வால்வு வேலை செய்யும் இடம் வெயிலுக்கெல்லாம் வெகு மேலே. குளிர்நாட்டுக்கான சாமான் என்றால் துபாயிலும் ரியாத்திலும் ஓடுகிற கார்களில் அதற்கு என்ன வேலை? அங்கே நம்மைவிடக் கொடிய வெயில், அதே வால்வு.

வெயிலுக்கும் சூட்டுக்கும் தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. ரேடியேட்டர் சூட்டை வெளியேற்றுவது உள்ளே ஓடும் தண்ணீருக்கும் வெளியே வீசும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான். தண்ணீர் 92 டிகிரி, மார்கழிக் காலைக் காற்று 22 டிகிரி என்றால் வித்தியாசம் 70. சித்திரை மதியம் காற்று 42 என்றால் வித்தியாசம் 50. ரேடியேட்டர் அதே, ஃபேன் அதே. ஆனால் கால் பங்குக்கும் மேலான திறன் காற்றோடு போய்விட்டது. நல்ல நிலையில் இருக்கும் வண்டி அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும். அதற்கான உபரி வைத்துத்தான் ரேடியேட்டரைச் செய்திருப்பார்கள். பாதிக் குழாய் உப்பு அடைத்துக் கிடக்கும் பத்து வருடப் பழைய ரேடியேட்டரிடம் அந்த உபரி இருக்காது. அதனால்தான் மார்கழியில் வாங்கிய வண்டி சித்திரையில் கொதிக்கிறது. வாங்கியவர் வெயிலைத் திட்டுகிறார், மெக்கானிக் வால்வைத் திட்டுகிறார், அடைப்பு அப்படியே உள்ளே இருக்கிறது.

சரி, முள் சிவப்பைத் தொடும் அந்த நேரத்தில் வால்வு என்ன செய்துகொண்டிருக்கிறது? பெரும்பாலான வண்டிகளில் முள் அங்கே போவதற்குள் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியிருக்கும். 82இல் திறக்க ஆரம்பிக்கிற வால்வு அதற்கு முன்பே முழுக்கத் திறந்தாயிற்று. விரியத் திறந்து கிடக்கும் கதவைக் கழற்றி வைப்பதால் வீட்டுக்குள் எவ்வளவு காற்று கூடுதலாக வந்துவிடும்? இதுதான் ‘தூக்கிடு’ கட்சியின் வாதத்தில் பெரிய ஓட்டை. வால்வு திறக்கவில்லை என்றால் அது கெட்டுப்போய்விட்டது, புதியது போட வேண்டும். திறந்துவிட்டது என்றால் சூட்டுக்கு அது காரணமில்லை. எடுத்து எறிவதற்கான நியாயம் இரண்டிலும் இல்லை.

எடுத்தால் நஷ்டம் ஒன்றுமில்லையே என்பார்கள். நஷ்டம் உண்டு. அது எங்கே என்று பலர் பார்ப்பதில்லை.

என்ஜின் சூடேறும் வரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாது என்றால், வாட்டர் பாடி (தண்ணீர் பம்ப்) தள்ளுகிற தண்ணீர் எங்கே போகும்? அதற்கென்று பைபாஸ் என்ற குறுக்கு வழி உண்டு. தண்ணீர் ரேடியேட்டரைத் தொடாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றிவரும். ஏராளமான என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு தட்டுகள் இருக்கும். மேல்தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது கீழ்த்தட்டு இறங்கி பைபாஸ் வாயை அடைக்கும். ஒரு தண்டு, இரண்டு வேலை. அந்தச் சாமானைத் தூக்கிவிட்டால் ரேடியேட்டர் வழியும் திறந்திருக்கும், பைபாஸும் திறந்தே கிடக்கும். தண்ணீர் எப்போதும் சுலபமான வழியையே தேடும்; ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களைவிட பைபாஸ் சுலபம். ஆகவே கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல், ஆறாமல், நேராக என்ஜினுக்குத் திரும்பும். சாதாரண ஓட்டத்தில் இது தெரியாது. ஐந்து பேரை ஏற்றி, ஏசி போட்டு, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது தெரியும். ஹீட்டைக் குறைக்கிறேன் என்று செய்த வேலையே ஹீட்டுக்குக் காரணமாகிற இடம் இது.

இங்கே நம் பக்கத்து ஆட்கள் சொல்லும் தப்பையும் சொல்லிவிட வேண்டும். “வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடிவிடும், ரேடியேட்டரில் நின்று ஆற நேரம் கிடைக்காது” என்று வால்வை ஆதரிப்பவர்கள் ஒரு காரணம் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. தண்ணீர் ஒரே வளையத்தில் சுற்றுகிறது. ரேடியேட்டரில் குறைந்த நேரம் நின்றால் என்ஜினிலும் குறைந்த நேரமே நிற்கும். ஓட்டம் கூடினால் சூடு கடத்துவதும் கூடத்தான் செய்யும். தப்பான காரணம் சொல்லி நல்ல பக்கத்தை ஆதரிப்பதால் ஒரு கெடுதல் உண்டு: அனுபவசாலி மெக்கானிக் அதை ஒரு நொடியில் உடைத்துவிட்டு, மொத்த வாதத்தையும் குப்பையில் போட்டுவிடுவார். உண்மையான காரணம் பைபாஸ். அதற்கு அடுத்தது அழுத்தம். பம்ப் தள்ளுகிற தண்ணீர் வெளியேறும் வாயில் கொஞ்சம் தடை இருந்தால் என்ஜின் பிளாக்குக்குள் அழுத்தம் நிற்கும். எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள பகுதிகளில், தண்ணீர் ஆங்காங்கே ஆவிக்குமிழியாக மாறாமல் அந்த அழுத்தம் பிடித்து வைக்கும். குமிழி ஒட்டிய இடத்தில் உலோகத்தைத் தண்ணீர் தொடாது. முள் நடுவில் இருக்க, அந்த ஓரிடம் மட்டும் வேகும்.

தெரிந்தே தெர்மோஸ்டாட்டை எடுக்கிறவர்கள் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள்: பந்தயக்காரர்கள். பிரிட்டனின் பழைய மினி கார்களைப் பந்தயத்துக்குத் தயார் செய்பவர்கள் வால்வை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு உலோக வளையத்தைப் பொருத்துவார்கள். பைபாஸ் துளையை மறைக்கவும், ஓட்டத்துக்கு அளவான தடை வைக்கவும்தான் அந்த வளையம். அதற்கென்றே செய்து விற்கிறார்கள். வால்வின் ஒரு வேலையை வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள்கூட மற்ற வேலைகளுக்கு மாற்று வைக்கிறார்கள். நம் ஊரில் வெறும் ஓட்டையை விட்டுவிட்டு மேலே பேஸ்ட் தடவி மூடுகிறோம்.

“அம்பாசடர் காலத்திலிருந்து தூக்கிப் போட்டு ஓட்டுறோம், என்ன ஆச்சு?” இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ள முடியாது. அந்த அனுபவம் பொய்யில்லை. அம்பாசடரின் என்ஜின் வார்ப்பிரும்பு. தலையும் இரும்பு, பிளாக்கும் இரும்பு. கார்பரேட்டர் வண்டிக்குத் தண்ணீரின் சூடு தெரியாது; தெரிந்துகொள்ளும் உறுப்பே அதனிடம் இல்லை. என்ஜின் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயில் சீக்கிரம் கெடும், சிலிண்டர் தேயும். அந்தத் தேய்மானத்தை வால்வின் கணக்கில் யாரும் எழுதவில்லை. “ரிங் போயிடுச்சு, போர் அடிக்கணும்” என்று தனிக் கணக்காக எழுதினார்கள். என்ஜின் வேலை அடிக்கடி வருவது அன்று இயல்பு. காரணம் தேடுகிற வழக்கமும் இல்லை.

இன்று நாம் பழையதாக வாங்குகிற கார் பத்துப் பதினைந்து வருடத்து வண்டி. தலை அலுமினியம். சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே “ஹெட் பெண்டு, லேத்துல ஃபேஸிங் போடணும்” என்ற பேச்சு வந்துவிடும். எரிபொருள் எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது கம்ப்யூட்டர். அது தண்ணீர்ச் சூட்டு சென்ஸாரைப் பார்த்து முடிவு செய்கிறது. சூடு ஏறவில்லை என்றால் என்ஜின் இன்னும் தயாராகவில்லை என்று நினைத்துக் கூடுதலாகத் தெளிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகிப் போகும் அளவுக்குச் சூடே வராது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே காபி நுரைபோல ஒட்டியிருக்கும். ஸ்கேனர் மாட்டினால் பி0128 என்ற பிழைக் குறியீடு வரும்: தண்ணீர் வரவேண்டிய சூட்டுக்கு வரவில்லை என்று பொருள். அதைப் பார்த்துவிட்டு சென்ஸாரை மாற்றிய புத்திசாலிகளும் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் இன்னொரு தலைவலி சேர்ந்துகொள்கிறது. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அவ்வப்போது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். என்ஜின் சரியான சூட்டில் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அதற்கு அனுமதி தராது. வால்வுக்கு மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு வடிகட்டிக்குப் போகும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி நிற்கிறது. “ஆனால் தூக்கியதும் சரியாகிவிட்டதே?” சரியானதுபோலத் தெரிவதற்கு நல்ல காரணங்கள் உண்டு. வால்வு மூடியபடியே சிக்கிக்கொண்டிருந்தால் தூக்கியதும் நிச்சயம் சரியாகும். புதியது போட்டிருந்தாலும் ஆகியிருக்கும். அடுத்து, வால்வை எடுக்கத் தண்ணீரை இறக்க வேண்டும். திருப்பி ஊற்றும்போது குறைந்திருந்த தண்ணீர் நிறைகிறது, உள்ளே இருந்த காற்று வெளியேறுகிறது, இளகியிருந்த ஹோஸ் கிளிப் இறுகுகிறது. குணமாக்கியது இவற்றில் ஒன்றாக இருக்கும், பெயர் வாங்கியது வால்வு. கடைசியாக, வால்வு இல்லாத என்ஜின் சூடேற ரொம்ப நேரம் பிடிக்கும். மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வருகிற வண்டியில் அந்த நேரம் வருவதற்குள் வீடு வந்துவிடும். நோய் குணமாகவில்லை, வெளிப்பட வாய்ப்புக் கிடைக்கவில்லை.

செகண்ட் ஹேண்ட் சந்தையில் இது எவருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். வாங்க வருகிறவர் தெருவை ஒரு சுற்றுச் சுற்றுவார், மிஞ்சிப்போனால் பைபாஸ் ரோட்டில் பத்து நிமிடம். வால்வைத் தூக்கி, ஃபேனை டைரக்ட் அடித்த (எப்போதும் சுற்றும்படி நேராக ஒயர் கொடுத்த) வண்டியில் அந்தப் பத்து நிமிடமும் முள் கீழேயே கிடக்கும். “பார்த்தீங்களா, ஹீட்டே ஆகாது” என்று விற்பவர் சொல்வார். ஹீட் ஆகாத என்ஜின் என்று ஒன்று இல்லை. ஆக வேண்டிய சூட்டுக்கு ஆகி, அங்கேயே நிற்பதுதான் நல்ல என்ஜின். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் விடியற்காலையில் போய், ஆறிக் கிடக்கும் என்ஜினை ஸ்டார்ட் செய்து, முள் படிப்படியாக ஏறி நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பியதுமே ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்தால், அந்த வண்டிக்கு ஒரு சூட்டுக் கதை உண்டு; விற்பவர் அதைச் சொல்லப் போவதில்லை. டைரக்ட் அடித்த ஃபேனின் மோட்டார் இடைவிடாமல் ஓடித் தேய்ந்து ஒருநாள் நிற்கும், டிராஃபிக் ஜாமில் முள் ஏறும்போதுதான் அது நின்றது தெரியும்.

வால்வை விட்டுவிட்டு வேறென்ன பார்ப்பது? வொர்க்‌ஷாப்பில் கேட்கப்படாத ஒரு கேள்வியில் ஆரம்பிக்க வேண்டும்: எப்போது ஹீட் ஆகிறது? சிக்னலில் நிற்கும்போது ஏறி, ரோட்டில் ஓடும்போது இறங்குகிறது என்றால் காற்றுப் போதவில்லை. ஃபேன், அதன் ரிலே, சுவிட்ச், ஏசி கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பஞ்சும் பூச்சியும் சேர்ந்த அழுக்கு. விபத்தில் முன்பக்கம் அடிபட்டுத் தட்டிய வண்டிகளில் ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு இல்லாமலே இருக்கும். கூடு இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்துக் காற்றையே கிளறிக்கொண்டிருக்கும். பழைய ஜீப் ரக டீசல் வண்டிகளில் ஃபேனைச் சுழற்றும் விஸ்கஸ் கப்ளிங் தளர்ந்து ஃபேன் சும்மா சுழலும். இதற்கெல்லாம் தெர்மோஸ்டாட்டோடு ஒட்டுமில்லை உறவுமில்லை.

தலைகீழாக, ஊருக்குள் ஒழுங்காக இருந்து ஹைவேயிலும் மலையிலும் மட்டும் கொதித்தால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. அடைத்த ரேடியேட்டர்; இதழ் அரித்துப்போன வாட்டர் பாடி; வேகத்தில் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்கிற கீழ் ஹோஸ். அந்த ஹோஸின் உள்ளே ஒரு ஸ்பிரிங் இருந்திருக்கும், யாரோ மாற்றும்போது தூக்கி எறிந்திருப்பார்கள். ரேடியேட்டர் அடைப்பைக் கண்டுபிடிக்க அதைக் கழற்றக்கூட வேண்டாம். சூடான பிறகு, வெப்பத்தைத் தூரத்திலிருந்து அளக்கும் துப்பாக்கியை அதன் முகத்தில் இடமிருந்து வலமாக ஓட்டினால், அடைத்த குழாய்கள் உள்ள இடம் மட்டும் சில்லென்று காட்டும். அதே துப்பாக்கி இன்னொன்றையும் சொல்லும்: மீட்டரில் முள் சிவப்பில் நிற்க, என்ஜின் 90இல் நிம்மதியாக இருக்கிறது என்றால், கெட்டது சென்ஸாரோ மீட்டரோதான்.

என்ஜின் கொதிக்கிறது, ரேடியேட்டரில் கை வைத்தால் ஆறிக் கிடக்கிறது: அப்போதுதான் தெர்மோஸ்டாட் மீது கை வைக்கலாம். அப்போதும் வாட்டர் பாடியையும் உள்ளே சிக்கிய காற்றையும் சேர்த்தே சந்தேகப்பட வேண்டும்.

யாரும் மதிக்காத ஒரு சாமான் ரேடியேட்டர் மூடி. அதன் தலையில் 0.9 அல்லது 1.1 என்று அடித்திருக்கும்; அத்தனை பார் அழுத்தத்தை அது பிடித்து வைக்க வேண்டும். 0.9 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டால் அதே தண்ணீர் 100இல் கொதித்து வழியும். வண்டி அதே, சூடு அதே. ஒரு ரப்பர் வளையத்தால் நடுரோட்டில் நிற்கிறோம். சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். அதை மாற்றிப் பார்க்காமல் ரேடியேட்டரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள். (சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் இதே கணக்குத்தான். அழுத்தம் போன கணமே உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.)

கூலன்ட் விஷயத்திலும் இதே ‘குளிர்நாட்டு’ வாதம்தான் நடக்கிறது. பனியில் உறையாமல் இருக்கத்தானே கூலன்ட், நமக்கு போர் தண்ணீர் போதாதா என்கிறார்கள். உறைவது நமக்குப் பிரச்சினையில்லை, உண்மை. சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர், கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் கலந்ததைவிட ஒரு படி மேல், அதுவும் உண்மை. ஆனால் கூலன்ட்டில் துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து இருக்கிறது. போர் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறது. வீட்டுக் குழாய் வாயிலும் சுடுதண்ணீர் போடும் ஹீட்டர் கம்பியிலும் வெள்ளையாகப் படிகிறதே, அது என்ஜின் தண்ணீர்ப் பாதைகளிலும் படியும். உலோகத்தைவிடப் பல மடங்கு மோசமாகச் சூட்டைக் கடத்தும் அந்தப் படிவம், சிலிண்டருக்கும் தண்ணீருக்கும் நடுவே போர்வையாக நிற்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, உள்ளே செம்மண் கரைசலாக இருந்தால் அந்த வண்டியின் சரித்திரம் மொத்தமும் அதில் இருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் மட்டும் காணாமல் போகிறது, எங்கும் ஒழுகல் இல்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று அர்த்தம். உறுதி செய்ய ஒரு நீலத் திரவம் இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சினால், எரிந்த வாயு இருந்தால் மஞ்சளாகிவிடும். அந்தச் சோதனை பத்து நிமிடம். அதைச் செய்யாமல் வால்வைத் தூக்கி, ஃபேனை டைரக்ட் அடித்து, ஒழுகலை அடைக்கும் பொடியையும் ஊற்றி அனுப்பினால், அடுத்த மலையில் ஹெட் வளையும். அந்தப் பொடி ரேடியேட்டரின் நல்ல குழாய்களையும் சேர்த்து அடைத்திருக்கும்.

மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்லி முடிப்பது நியாயமில்லை. அரை நாள் உட்கார்ந்து காரணம் தேடியதற்குக் கூலி கேட்டால் நாம் தருவதில்லை. “என்ன மாத்துனீங்க?” என்று கேட்கிறோம், ஒன்றும் மாற்றவில்லை, கண்டுபிடித்தேன் என்றால் காசு கொடுக்க மனம் வருவதில்லை. சாமானுக்குக் காசு உண்டு, யோசனைக்கு இல்லை என்ற ஊரில் அவர் கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒன்றைத்தான் தேடுவார். பாசி படிந்த பழைய வால்வு அதற்குத் தோதானது. “இதுதான் சார் தொந்தரவு கொடுத்தது” என்று நீட்டினால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

நடு ரோட்டில், இரவில், வால்வு மூடிச் சிக்கிவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு மெதுவாக ஊர் வந்து சேருங்கள். அதை யாரும் தடுக்கவில்லை. அடுத்த நாள் புதியது போட வேண்டும் என்பதுதான் பேச்சு.

எடுத்த வால்வு கெட்டதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு அடுப்பை ஏற்றுங்கள். 82 என்று அடித்திருந்தால் அதை ஒட்டிய சூட்டில் அசைய ஆரம்பிக்க வேண்டும். தண்ணீர் கொதி நிலையை நெருங்கும்போது நன்றாகத் திறந்திருக்க வேண்டும். திறந்தால் அதையே திருப்பி மாட்டிவிட்டுக் காரணத்தை வேறிடத்தில் தேடலாம். திறக்காவிட்டால் அதே எண் அடித்த புதியதை வாங்க வேண்டும். கடைக்காரர் “கம்மி டிகிரி போடுங்க, சீக்கிரம் திறக்கும்” என்பார், வேண்டாம். சீக்கிரம் திறக்கிற வால்வு அடைத்த ரேடியேட்டருக்கு ஒரு குழாயைக்கூடக் கூட்டித் தராது, நாலைந்து நிமிடம் தாமதமாகக் கொதிக்க வைக்கும், அவ்வளவே. மாட்டும்போது புது கேஸ்கெட் போடுங்கள். வால்வின் தட்டில் ஆடுகிற சின்ன ஊசி ஒன்று இருந்தால், அது காற்று வெளியேறும் துளை. பெரும்பாலான வண்டிகளில் அது மேல்பக்கம் வரும்படி வைக்க வேண்டும். கீழே வைத்துவிட்டால் உள்ளே காற்று சிக்கும், வண்டி மறுபடி ஹீட்டாகும், “நான்தான் அப்பவே சொன்னேனே” என்று மறுபடி வால்வைத் தூக்குவார்கள்.